மாணவர்கள் இருக்கும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் பில் வந்தால் என்ன செய்வது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும். இங்கிலாந்தின் மிட்லாண்ட்ஸ் பகுதியில் ஒரு சிறிய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று). நான்கு நண்பர்கள் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறார்கள். மூவர் எம்எஸ்சி படிக்கிறார்கள். நான்காமவர் படிப்பை முடித்துவிட்டு, இப்போது கிராஜுவேட் விசாவில் ஒரு வேர்ஹவுஸில் முழுநேர வேலை பார்க்கிறார். நால்வர் பெயரிலும் முழுத் தொகைக்குக் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சி மன்றமான கவுன்சில் வீட்டுக்குப் போடும் வரி) பில் வந்திருக்கிறது. "மாணவர்களுக்கு இந்த வரி கிடையாது என்றுதானே சொன்னார்கள், நாங்களும் கட்ட வேண்டுமா? எங்கள் அண்ணன் அடுத்த ஆண்டு பிஎச்டி சேர மனைவியோடு வருகிறார், அவர்களுக்கு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேரடியாகச் சொன்னால், நீங்கள் மூவரும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்கு வரி உண்டு. வேலை பார்க்கும் நண்பர்தான் கட்ட வேண்டும், அதுவும் முழுத்தொகை அல்ல, கால் பங்கு தள்ளுபடி போக மீதி. அண்ணன் குடும்பம் இருவர் மட்டும் தனி வீட்டில் இருந்தால், பெரும்பாலும் ஒரு பென்னியும் கட்ட வேண்டியிருக்காது. ஏன் இப்படி என்பதைப் புரிந்துகொண்டால்தான் கவுன்சிலோடு தெளிவாகப் பேச முடியும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் சொத்து வரி வீட்டுச் சொந்தக்காரர் பாடு. வாடகைக்கு இருப்பவர் அந்த ரசீதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் சோலைவரி என்று சொல்வதும் அதே வகைதான். இங்கே தலைகீழ். யார் குடியிருக்கிறாரோ அவரிடம்தான் கவுன்சில் முதலில் வரும். குப்பை அள்ளுவது, முதியோர் பராமரிப்பு, நூலகம், சாலை எல்லாவற்றுக்கும் கவுன்சில் திரட்டும் பணத்தில் இது பெரும் பகுதி. வீடுகள் ஏ முதல் ஹெச் வரை எட்டுப் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. இங்கிலாந்தில் இந்தப் பிரிப்பு 1991 ஏப்ரல் 1 அன்று அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்து நடக்கிறது. சென்ற வருடம் கட்டிய வீட்டையும் 1991இல் இருந்ததாகக் கற்பனை செய்துதான் மதிப்பிடுகிறார்கள். 2025-26க்கு இங்கிலாந்தில் டி பிரிவு வீட்டின் சராசரி வரி ஆண்டுக்கு 2,280 பவுண்ட். ஏ பிரிவு வீட்டுக்கு அதில் ஒன்பதில் ஆறு பங்கு, அதாவது 1,520 பவுண்ட். மாணவர்கள் எடுக்கும் பழைய டெரஸ் வீடுகள் பல ஏ அல்லது பி பிரிவில்தான் வரும்.

இந்தத் தொகை, வீட்டில் பதினெட்டு வயது நிறைந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு போடுவது. ஐந்து பேர் இருந்தாலும் தொகை அதிகமாகாது. ஒரே ஒருவர் இருந்தால் 25 சதவீதம் குறையும். இந்த 'எத்தனை பேர்' என்ற கணக்கில்தான் மாணவர்கள் விஷயம் இருக்கிறது.

மாணவர்களுக்கு ஏன் இந்தச் சலுகை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு. மார்கரெட் தாட்சர் அரசு ஸ்காட்லாந்தில் 1989இலும் இங்கிலாந்து, வேல்ஸில் 1990இலும் தலைக்கு இவ்வளவு என்று ஒரு வரி கொண்டுவந்தது. மக்கள் அதை 'போல் டாக்ஸ்' (poll tax, தலைவரி) என்றார்கள். அதில் மாணவர்களும் ஐந்தில் ஒரு பங்கு கட்ட வேண்டியிருந்தது. அந்த வரியை எதிர்த்து 1990 மார்ச் 31 அன்று லண்டனில் நடந்த பேரணி டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரமாக முடிந்தது. கடைசியில் வரியையே கைவிட்டு, 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1993 ஏப்ரல் 1 முதல் கவுன்சில் டாக்ஸ் நடைமுறைக்கு வந்தது. அப்போதுதான் மாணவர்கள் முழுதாக விலக்கப்பட்டார்கள். இந்த வரி ஒருவருடைய வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. சம்பாதிக்காமல் படிப்பவரிடமும் அதே தொகையைக் கேட்பது நியாயமில்லை என்பதால் இந்த விலக்கு சரியானது என்றே நான் நினைக்கிறேன். பல்கலைக்கழக நகரங்களில் சிலர், தெருவே மாணவர் வீடாகிவிட்டது, யாரும் வரி கட்டுவதில்லை என்று முணுமுணுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கேட்க வேண்டியது மாணவரை அல்ல. அந்த வீடுகளை அறை அறையாக வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கும் ஓனரும் இந்த வரி கட்டுவதில்லை, கடைக்காரர் கட்டும் வணிக வரியும் கட்டுவதில்லை. அது வேறு விவாதம். நீங்கள் குற்ற உணர்ச்சிப்பட வேண்டியதில்லை. விசாவுக்கே ஆண்டுக்கு 776 பவுண்ட் சுகாதாரக் கட்டணம் முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "மாணவருக்கு வரி இல்லை" என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது பாதி உண்மை. சட்டத்தில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. ஒன்று வீட்டுக்கு. வீட்டில் குடியிருக்கும் அனைவரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் அந்த வீட்டுக்கே வரி கிடையாது. இதை 'என்' (N) வகுப்பு விலக்கு என்பார்கள். கவுன்சில் படிவத்தில் 'கிளாஸ் என்' என்றே இருக்கும். 'ஹால்' எனப்படும் பல்கலைக்கழக விடுதிகளுக்கு இதுபோலவே 'கிளாஸ் எம்'. இரண்டாவது ஏற்பாடு ஆளுக்கு. வீட்டில் மாணவர் அல்லாத ஒருவர் இருந்தால், வீட்டுக்கான விலக்கு போய்விடும். ஆனாலும் மாணவர்களைத் தலை எண்ணும்போது சேர்க்க மாட்டார்கள். மாணவரல்லாதவர் ஒருவர் என்றால், அந்த வீட்டில் ஒரே ஒருவர் இருப்பதாகக் கணக்கு, 25 சதவீதம் தள்ளுபடி. இருவர் என்றால் முழு வரி, மாணவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் சரி.

ஆக நான்கு பேரில் ஒருவர் படிப்பை முடித்த அன்றே வீட்டின் நிலை மாறுகிறது. மற்ற மூவருக்கு எதுவும் மாறவில்லை என்றாலும், லெட்டர் பாக்ஸில் பில் விழுகிறது. நம் பிள்ளைகள் பலர் பதறிப்போவது இந்த இடத்தில்தான்.

யார் மாணவர் என்பதற்கும் சட்டம் அளவு வைத்திருக்கிறது. படிப்பு குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும், ஆண்டில் குறைந்தது 24 வாரம் அதில் ஈடுபட வேண்டும், வாரத்துக்குச் சராசரியாக 21 மணி நேரம் படிப்புக்குப் போக வேண்டும். 21 மணி நேரம் என்றதும் வகுப்பு அவ்வளவு இல்லையே என்று பயப்படாதீர்கள். நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதும், ப்ராஜெக்ட்டும், படிப்போடு சேர்ந்த வேலை அனுபவமும் இதில் அடங்கும். முழுநேர எம்எஸ்சி, இளநிலைப் பட்டம், பிஎச்டி எல்லாம் வந்துவிடும். பகுதிநேரப் படிப்பு வராது. பிரதானப் படிப்புக்கு முன்னால் நடக்கும் சில வார ஆங்கில வகுப்பு மட்டும் தனியாக இந்த அளவைத் தொடாது. வாரம் 20 மணி நேரம் டெஸ்கோவிலோ டேக்அவேயிலோ வேலை பார்ப்பதால் இந்த வரிக்கு உங்கள் மாணவர் நிலை போகாது. சம்பளம் எவ்வளவு என்று யாரும் கேட்கப்போவதில்லை.

தேதிகளில் கவனமாக இருங்கள், நிறையப் பேர் மாட்டுவது அங்கேதான். படிப்பு தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை நீங்கள் மாணவர். நடுவில் வரும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர், கோடை விடுமுறை எல்லாம் அதற்குள் அடக்கம். ஊருக்குப் போய்விட்டு வந்தாலும் வீட்டின் விலக்கு அப்படியே நிற்கும். ஆனால் படிப்பு செப்டம்பர் கடைசியில் தொடங்க, நீங்கள் ஆகஸ்ட் மாதமே தனி வீடு எடுத்து வந்துவிட்டால், அந்தச் சில வாரங்களுக்குக் கவுன்சில் வரி கேட்கலாம். அதேபோல் இளநிலைப் பட்டம் ஜூனில் முடிந்து முதுநிலை செப்டம்பரில் தொடங்கினால், இடையில் இருக்கும் கோடைக்காலத்தில் நீங்கள் மாணவர் அல்ல. ஒரே பல்கலைக்கழகம் என்றாலும் இதுதான் கணக்கு. எம்எஸ்சிக்காரர்களுக்குப் பல்கலைக்கழகச் சான்றிதழில் இருக்கும் முடிவுத் தேதிதான் முக்கியம், பட்டமளிப்பு விழா தேதி அல்ல. விழா அடுத்த ஆண்டில்கூட நடக்கும். அதுவரை மாணவர் என்று நினைத்துச் சும்மா இருந்தால், பழைய தேதி போட்டு மொத்தமாகப் பில் வரும்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். கவுன்சில் நால்வர் பெயரையும் போட்டு முழுத்தொகை கேட்டிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். நீங்கள் மாணவர் என்பது அவர்களுக்குத் தெரியாது. வீட்டை வாடகைக்கு விட்ட லெட்டிங் ஏஜென்ட் கொடுத்த பெயர்களை வைத்துப் பில் அடித்திருப்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் மாணவர் பட்டியலைக் கவுன்சிலுக்கு நேரடியாக அனுப்பும், ஆனால் அதற்கு நீங்கள் சேரும்போது சம்மதம் கொடுத்திருக்க வேண்டும், முகவரியும் சரியாக இருக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகத்தில் படித்தால் அந்த வழியும் இல்லை. ஆகவே தானாக நடக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட எல்லோரும் சேர்ந்தே பொறுப்பு என்பது இந்த வரியின் பொதுவிதி. ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவரிடம் முழுவதையும் கேட்கலாம். முன்பு மாணவர்களும் இதில் சிக்கினார்கள். பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 ஏப்ரல் முதல், ஒரே மாதிரி உரிமையில் மாணவரும் மாணவரல்லாதவரும் சேர்ந்திருந்தால் மாணவரிடம் கேட்க முடியாது. உங்கள் நால்வருக்கும் ஒரே ஒப்பந்தம் என்பதால், பொறுப்பு நான்காவது நண்பருக்கு மட்டுமே. வீடு ஏ பிரிவு என்று வைத்துக்கொண்டு மேலே சொன்ன சராசரியில் போட்டால், 1,520இல் கால் பங்கு போக 1,140 பவுண்ட். ஏப்ரலில் தொடங்கிப் பத்துத் தவணை என்றால் மாதம் 114. பன்னிரண்டு தவணையாக்கித் தரும்படி கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. அவர் நடுவில் மாணவரல்லாதவர் ஆனதால் அந்தத் தேதியிலிருந்து உள்ள நாட்களுக்கு மட்டும் கணக்குப் போடுவார்கள்.

இதை அவரிடம் சொல்வது சங்கடம்தான், தெரியும். ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறோம், வாடகையும் கரண்ட் பில்லும் சமமாகப் பிரிக்கிறோம், இதை மட்டும் அவர் தலையில் கட்டுவதா என்று தோன்றும். நீங்கள் மனமுவந்து பங்கு போட்டுக்கொண்டால் யாரும் தடுக்கப்போவதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நண்பருக்குக் கை கொடுப்பது நல்ல விஷயம். ஆனால் அது உங்கள் விருப்பம், கடமை அல்ல என்பது நால்வருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கவுன்சில் கணக்கில் உங்கள் பெயர் இருக்கவே கூடாது. பணம் கொடுப்பதாக இருந்தாலும் அவரிடம் கொடுங்கள், கவுன்சிலுக்கு உங்கள் பெயரில் கட்டாதீர்கள். அடுத்த முறை வீடு எடுக்கும்போது, யாருடைய படிப்பு எப்போது முடிகிறது, முடிந்தபின் வரி யார் பாடு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே பேசிவிடுங்கள்.

இதிலும் மோசமான ஒரு பொறி இருக்கிறது. வீடு முழுக்க மாணவர்கள் பெயரில் இருக்கிறது. படிப்பை முடித்த நண்பர் ஒருவர், "வேலை கிடைக்கிறவரைக்கும் ரெண்டு மாசம் ஹாலில் படுத்துக்கிறேன்டா" என்று வருகிறார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. அவருக்கு வேறு வீடு கிடையாது என்றால், சட்டப்படி அவருடைய பிரதான இருப்பிடம் இதுவே. வீட்டுக்கான விலக்கு போய்விட்டது. ஆனால் பொறுப்பு யார்? இந்த வரியில் வீட்டின்மேல் யாருக்கு அதிக உரிமையோ அவர்தான் முதலில் பொறுப்பு. ஒப்பந்தம் வைத்திருப்பவர் மேலே, சும்மா தங்கியிருப்பவர் கீழே. 2004 திருத்தம் சமமான உரிமை உள்ளவர்களுக்கு இடையில்தான் மாணவரைக் காப்பாற்றும். இங்கே மேல்படியில் இருப்பவர்கள் எல்லோரும் மாணவர்களே, எனவே பில் உங்கள் பெயரில்தான் வரும். 25 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும், அவ்வளவுதான். வேறு ஊரில் வீடு வைத்திருக்கும் நண்பர் ஒரு வாரம் விருந்தாளியாக வந்து போனால் எந்தப் பிரச்சினையும் இல்லை. குடிவந்துவிட்டால்தான் பிரச்சினை.

"கவுன்சிலுக்கு எப்படித் தெரியும், சொல்லாமல் விட்டுவிடலாமே" என்று யோசனை சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். விலக்கு முடிந்தால் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவிக்காவிட்டால் 70 பவுண்ட் அபராதம் போடலாம், அதோடு பழைய தேதியிலிருந்து வரியும் கேட்பார்கள். வாக்காளர் பட்டியலும் வேறு பதிவுகளும் அவர்கள் கையில் இருக்கின்றன. இந்தியா, இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம் என்பதால் நம்மவர் பெயர்களும் அதில் இருக்கும்.

வீட்டுக்குள் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி ஒப்பந்தம் என்றால் கதை வேறு. அப்படிப் பலர் பகிரும் வீட்டில் வரிக்குப் பொறுப்பு ஓனர், குடியிருப்பவர்கள் அல்ல. கவுன்சில் உங்களைத் தேடி வரக் கூடாது. ஆனால் ஓனர் தான் கட்டிய வரியை வாடகையோடு சேர்த்து வசூலிக்க ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை எழுதி வைத்திருக்கலாம். "மாணவர் நிலை போனால் கவுன்சில் டாக்ஸ் வாடகைதாரர் பொறுப்பு" என்ற வாசகம் பல ஒப்பந்தங்களில் உண்டு. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். 'பில்ஸ் இன்க்ளூடட்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அதில் கவுன்சில் டாக்ஸும் அடக்கமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது அண்ணன் விஷயம். 2024 ஜனவரி முதல் தொடங்கும் படிப்புகளுக்கு, ஆய்வுப் படிப்பில் சேர்பவர்களும் அரசு கல்வி உதவித்தொகையில் வருபவர்களும் மட்டுமே குடும்பத்தை மாணவர் விசாவோடு அழைத்து வர முடியும். பிஎச்டி என்பதால் அண்ணனுக்கு அந்த வழி திறந்திருக்கிறது. அவர் மாணவர், சந்தேகமில்லை. அண்ணி மாணவர் அல்ல. அப்படியானால் ஒருவர் கணக்கில் வருகிறார், 25 சதவீதத் தள்ளுபடி மட்டும்தானே என்று தோன்றும். இல்லை. மாணவரின் கணவனோ மனைவியோ பிரிட்டிஷ் குடிமகனாக இல்லாமல், அவருடைய விசா நிபந்தனை வேலை பார்ப்பதையோ அல்லது அரசு நல உதவி பெறுவதையோ தடுத்தால், அவரையும் மாணவரைப் போலவே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அண்ணியின் டிபென்டன்ட் விசாவில் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசு நல உதவி பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அது போதும். வீட்டில் வேறு யாரும் இல்லையென்றால் வீடு முழு விலக்கு பெறும். பிள்ளைகள் பதினெட்டுக்குக் கீழே என்றால் அவர்கள் கணக்கிலேயே வருவதில்லை.

இங்கே ஒரு இழுபறி அடிக்கடி நடக்கிறது. மனைவி வேலைக்குப் போகிறார் என்று தெரிந்ததும், கவுன்சிலில் போனை எடுப்பவர், "அவர் சம்பாதிக்கிறாரே, அப்படியானால் வரி உண்டு" என்று சொல்லிவிடுவார். நம்பி வைத்துவிடாதீர்கள். விதியில் இருப்பது 'அல்லது'. இரண்டில் ஒரு தடை இருந்தால் போதும். வேலைக்குத் தடை இல்லாவிட்டாலும் அரசு நல உதவிக்குத் தடை இருக்கிறது. அண்ணி முழுநேரம் கேர் ஹோமில் வேலை பார்த்தாலும் இந்த வரிக்கு அவர் கணக்கில் வர மாட்டார். இதைப் பணிவாக, எழுத்தில், விசா நிபந்தனை தெரியும் பக்கத்தையும் திருமணச் சான்றிதழையும் இணைத்துக் கேளுங்கள். இப்போது விசா எல்லாம் ஆன்லைனில் இருப்பதால் அந்தப் பக்கத்தைச் சேமித்து அனுப்பலாம். மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை உள்ளவர் என்றால் இது பொருந்தாது. அப்போது 25 சதவீதத் தள்ளுபடிதான், பில் அவர் பெயரில் வரும்.

அண்ணிக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை அண்ணனுடைய மாணவர் நிலையில் தொங்குகிறது. அவர் படிப்பு முடிந்த நாளில் இருவருமே கணக்கில் வந்துவிடுவார்கள், முழு வரி. பிஎச்டியில் தீஸிஸ் எழுதும் கடைசிக் கட்டம் இன்னொரு தகராறு. அதை முழுநேரம் என்று ஒத்துக்கொண்டு சான்றிதழ் தருவதில் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே மாதிரி இல்லை, சில கவுன்சில்களும் கேள்வி கேட்கும். மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே, தீஸிஸ் கொடுக்கும் நாள் வரை சான்றிதழ் தருவார்களா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வைக்கச் சொல்லுங்கள். உண்மையில் முழுநேரமும் அதே வேலையாக இருந்தால், மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வாதாடலாம்.

உங்கள் கேள்வியில் இல்லாவிட்டாலும், நம்மவர் மனதில் இருக்கும் பயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். "பப்ளிக் ஃபண்ட்ஸ் கூடாது என்று விசாவில் போட்டிருக்கிறதே, இந்த விலக்கைக் கேட்டால் விசாவுக்கு ஆபத்தா?" என்று கேட்டுவிட்டு, பேசாமல் வரியைக் கட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். ஆபத்தில்லை. மாணவர் விலக்கும், தனியாக இருப்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடியும் பப்ளிக் ஃபண்ட்ஸ் அல்ல. ஆனால் அதே கவுன்சில் இணையதளத்தில், அதே பக்கத்துக்கு அருகிலேயே 'கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன்' அல்லது 'கவுன்சில் டாக்ஸ் சப்போர்ட்' என்று ஒன்று இருக்கும். அது வருமானம் குறைந்தவர்களுக்கான உதவி. அது பப்ளிக் ஃபண்ட்ஸ் பட்டியலில் இருக்கிறது. அந்தப் படிவத்தை நீங்கள் நிரப்பக் கூடாது, கிராஜுவேட் விசாவில் இருக்கும் நண்பரும் நிரப்பக் கூடாது. நீங்கள் தேடும் பக்கத்தில் 'ஸ்டூடன்ட் எக்ஸெம்ப்ஷன்' அல்லது 'டிஸ்கவுண்ட், டிஸ்ரிகார்ட்' (தள்ளுபடி, கணக்கில் சேர்க்காமல் விடுவது) என்று இருக்க வேண்டும். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் அவசரத்தில் தவறான இடத்தில் கிளிக் செய்துவிட வாய்ப்பு அதிகம், நிதானமாகப் படியுங்கள்.

இதுவரை சொன்னது இங்கிலாந்துக்கு. வேல்ஸில் மாணவர் விதிகள் இதேதான், வீட்டு மதிப்பு மட்டும் 2003ஐ வைத்துப் போடுகிறார்கள், பிரிவுகள் ஒன்பது. ஸ்காட்லாந்திலும் மாணவர் வீட்டுக்கு விலக்கு உண்டு. அங்கே தண்ணீர், கழிவுநீர்க் கட்டணமும் கவுன்சில் பில்லோடு சேர்ந்து வருவதால் விலக்கின் மதிப்பு இன்னும் கூடுதல். இங்கிலாந்தில் தண்ணீர் பில் தனி, மாணவரும் கட்ட வேண்டும். வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே கிடையாது, சொத்து மதிப்பை வைத்துப் போடும் பழைய 'ரேட்ஸ்' வரி முறைதான். பெல்ஃபாஸ்ட்டில் பகிர்ந்து இருக்கும் மாணவர் வீடுகளில் பொதுவாக ஓனர்தான் அதைக் கட்டுகிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. பல்கலைக்கழக மாணவர் தளத்தில் உள்ளே போனால் கவுன்சில் டாக்ஸ் சான்றிதழ் என்று ஒன்றை டவுன்லோட் செய்யலாம், இல்லையென்றால் மாணவர் சேவை மையத்தில் கேளுங்கள். இதைத் தருவது கல்வி நிறுவனத்தின் சட்டக் கடமை. படிப்பை விட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் மறுக்கலாம், அதனால் முடித்துப் போகும் முன்பே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அதில் உங்கள் பெயர், முகவரி, முழுநேரம் என்ற குறிப்பு, தொடங்கும் தேதி, முடியும் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். ஆஃபர் லெட்டரும், விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' (CAS) சேர்க்கைக் கடிதமும் இதற்குப் பதிலாகாது.

மூவரும் சான்றிதழை அனுப்புங்கள், ஒருவர் அனுப்பினால் ஒருவருக்குத்தான் செல்லும். நான்காமவரும் தன் பங்குக்கு, கணக்கைத் தன் ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்ற மூவரையும் விட்டுவிட்டு 25 சதவீதம் தள்ளுபடி தரும்படி எழுத வேண்டும். தன் படிப்பு முடிந்த தேதிக்கு அவருடைய பழைய சான்றிதழ் உதவும். கவுன்சில் செப்டம்பர் தொடக்கத்திலிருந்து போட்டிருந்து, அவர் படிப்பு மாதக் கடைசியில் முடிந்திருந்தால், அந்த நாட்களுக்கான பணமும் குறையும்.

பதில் வரும்வரை கடிதங்களைப் பிரிக்காமல் மேசையில் போட்டு வைக்காதீர்கள். பில்லுக்குப் பிறகு ஒரு நினைவூட்டல் வரும், ஏழு நாள் கெடு. அப்புறம் தவணை உரிமை போய் ஆண்டின் மீதித் தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார்கள். அடுத்தது மாஜிஸ்ட்ரேட் நீதிமன்ற சம்மன்ஸ், அதற்கான செலவும் உங்கள் தலையில். நீதிமன்றம் உத்தரவு கொடுத்துவிட்டால் சம்பளத்தில் பிடிக்கலாம், கடன் வசூலிக்கும் பெய்லிஃபை வீட்டுக்கு அனுப்பலாம். கவுன்சில் கணினி உங்கள் கடிதம் பரிசீலனையில் இருக்கிறது என்று பார்த்து நிற்காது, அடுத்த கடிதத்தைத் தானாகவே அச்சடிக்கும். அதனால் நினைவூட்டல் வந்தால் கணக்கு எண்ணைச் சொல்லிப் போன் செய்து, வசூலை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். பேசியவர் பெயரையும் தேதியையும் குறித்துக்கொண்டு, அதையே மின்னஞ்சலில் உறுதிப்படுத்துங்கள். சம்மன்ஸ் வந்த பிறகும் சான்றிதழைக் காட்டினால் விலக்கிக்கொள்வார்கள், ஆனால் அவ்வளவு தூரம் போக விடாதீர்கள்.

கவுன்சில் மறுத்தால், 'இது 1992ஆம் ஆண்டு லோக்கல் கவர்ன்மென்ட் ஃபைனான்ஸ் சட்டத்தின் 16ஆம் பிரிவின் கீழான மேல்முறையீடு' என்று ஒரு வாக்கியம் சேர்த்து மறுபடி எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு மதிப்பு உண்டு, சாதாரணப் புகாராக ஒதுக்கிவிட முடியாது. அவர்களுக்கு இரண்டு மாதம் அவகாசம். மறுப்பு வந்தாலோ, பதிலே வராமல் இரண்டு மாதம் கடந்தாலோ, இங்கிலாந்தில் இந்த வரித் தகராறுகளை விசாரிக்கும் வேல்யுவேஷன் ட்ரிப்யூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மறுப்புக் கடிதம் வந்தால் அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள், பதில் வராவிட்டால் நீங்கள் முதலில் எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். உங்கள் மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவிலும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலும் இலவசமாக உதவுவார்கள்.

ஏற்கெனவே பயந்து ஏதாவது தவணை கட்டியிருந்தால் அதையும் திரும்பக் கேளுங்கள். மாணவராக இருந்த நாட்களுக்கு இப்போது சான்றிதழ் கொடுத்தாலும் பழைய தேதியிலிருந்து கணக்கைத் திருத்த வேண்டும். கடிதத்தில் உங்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும், பணம் கட்டிய தேதிகளையும் குறிப்பிட்டுவிட்டால் இன்னொரு கடிதப் போக்குவரத்து மிச்சம்.